கட்டிலுக்குக் காப்பீடு, சீட்டுக்குக் கைக்காசு

மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை நடத்துகிற அதிகாரிகளுக்கும் ஒரு மருந்துக்கடைக்காரர் எழுதும் திறந்த மடல்

ஐயா, அம்மா, வணக்கம்.

தென்காசி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். காய்ச்சல், சளி, சர்க்கரை, பிரஷர் என்று வருகிற கூட்டத்துக்கு நடுவே சில வருடங்களாக வேறு மாதிரியான சீட்டுகளும் வருகின்றன. மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில், மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரம் என்று எங்கெங்கோ எழுதப்பட்ட புற்றுநோய் மருந்துச் சீட்டுகள். அந்த மருந்துகளை என்னைப் போன்ற சின்னக் கடைக்காரர்கள் இருப்பு வைப்பதில்லை. சீட்டைப் படம் எடுத்து மொத்த வியாபாரிக்கு அனுப்பி, பஸ்ஸில் பார்சல் வரவழைத்துக் கொடுப்போம். பார்சல் வந்த பிறகு, "பாதி மட்டும் எடுத்துக்கிடுதோம், மீதியைத் திருப்பி அனுப்ப முடியுமா?" என்று கேட்கிற குடும்பங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சொல்ல வருவது இவ்வளவுதான். உங்கள் காப்பீடு மருத்துவமனைக் கட்டிலைப் பார்த்துப் பணம் கட்டுகிறது. புற்றுநோய் வைத்தியம் இன்றைக்குப் பெரும்பாலும் வீட்டில்தான் நடக்கிறது, மாத்திரை அட்டையிலும் குளிர்பெட்டி ஊசியிலும். அந்தச் செலவுக்கு யார் பொறுப்பு என்பதை நீங்கள் இன்னும் தெளிவாகச் சொல்லவில்லை.

திட்டத்தால் பலன் இல்லை என்று சொல்ல மாட்டேன். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது, 2012-ல் இப்போதைய பெயருக்கு மாறியது, 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு சேர்ந்து குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்று ஆனது. மார்பகத்தில் கட்டி எடுத்தவர்கள், கர்ப்பப்பை வாயில் ரேடியேஷன் வைத்துக்கொண்டவர்கள் என்று எங்கள் ஊரிலேயே அந்த அட்டையால் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். ஆபரேஷனுக்கு நகையை அடகு வைத்த காலம் ஓரளவுக்கு மலையேறிவிட்டது. இப்போது நகை அடகுக்குப் போவது மாத்திரைக்காக.

போன மழைக்காலத்தில் ஒருவர் வந்தார். குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்தவர். ஆபரேஷன் காப்பீட்டில் நடந்தது, ஒரு பைசா வாங்கவில்லை என்று மருத்துவமனையை வாயாரப் புகழ்ந்தார். கையில் இருந்தது கேப்சிட்டபைன் என்கிற கீமோ மாத்திரைக்கான சீட்டு. 500 மில்லிகிராம் மாத்திரை, காலை மூன்று, இரவு மூன்று, பதினான்கு நாள். அப்புறம் ஏழு நாள் இடைவெளி, மறுபடியும் முதலிலிருந்து. ஒரு சுற்றுக்கு 84 மாத்திரை. இதை மட்டும் வெளியில் வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்களாம். விலையைச் சொன்னேன். அட்டையை வாங்கி, பின்பக்கம் அச்சிட்டிருந்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. விலை எண்ணை மட்டும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "காலையில மட்டும் போட்டா போதாதா அண்ணாச்சி?"

போதாது. தினமும் இரவு மாத்திரையை விட்டுக்கொண்டே போனால் வைத்தியத்தின் பலனே கெட்டுப்போகலாம் என்று எடுத்துச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு இரண்டு அட்டை மட்டும் வாங்கிப் போனார். மீதிக்கு ஆள் வரவில்லை. அந்த மாத்திரை காப்பீட்டில் அவருக்கு அனுமதியான பேக்கேஜுக்குள், அதாவது சிகிச்சைத் தொகுப்புக்குள், அடக்கமா, வெளியே வாங்கச் சொன்னது சரியா என்று பார்க்க அவர் கையில் தமிழில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தது, ஸ்கேன் இருந்தது, கையெழுத்து வாங்கிய படிவங்களின் நகல் இருந்தது. எதற்குக் காசு கட்ட வேண்டாம் என்று சொல்லும் காகிதம் மட்டும் இல்லை.

விதியைப் பார்ப்போம். ஆயுஷ்மான் பாரத்தில் மருத்துவமனையில் சேர்வதற்கு முன் 3 நாள், வீடு திரும்பிய பின் 15 நாள் மருந்துச் செலவு சேர்த்தி. பித்தப்பைக் கல்லுக்கு இது தாராளம். ஹெர்னியாவுக்கும் சரிதான். புற்றுநோய்க்குக் கணக்கு உதைக்கிறது. கீமோ சுற்று பல சமயம் 21 நாளுக்கு ஒன்று. ஹார்மோன் வகை மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்சிஃபெனோ லெட்ரோசோலோ குறைந்தது 5 வருடம் தினமும் போட வேண்டும், சிலருக்கு 10 வருடம். ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு இமாட்டினிப் மாத்திரையைப் பெரும்பாலானோர் ஆயுள் முழுக்க விழுங்குகிறார்கள். இந்த வைத்தியங்களில் வீடு திரும்பிய பதினைந்தாம் நாள் என்பது ஆரம்பம்.

கீமோவுக்கு ஒவ்வொரு சுற்றுக்கும் பேக்கேஜ் இருக்கிறது, சில மாத்திரைகளுக்கும் பேக்கேஜ் இருக்கிறது என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன், எழுத்தில் இருக்கிறது. அதை வாங்க என்ன பாடு என்று பாருங்கள். ஒரு மாத மாத்திரைக்காகத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைக்கு நோயாளியே நேரில் போக வேண்டும். கைரேகை வைக்க வேண்டும், அப்ரூவல் வரும்வரை காத்திருக்க வேண்டும். கடையநல்லூரிலிருந்தோ சங்கரன்கோவிலிலிருந்தோ மதுரைக்கு இரண்டு பேர் போய்வரும் பஸ் காசு, சாப்பாடு, கூட வருகிறவரின் ஒரு நாள் கூலி எல்லாம் சேர்த்தால், விலை மலிவான மாத்திரைக்கு அலைவதை விடக் கடையில் வாங்குவதே மேல் என்று ஆகிவிடும். அதனால் வாங்குகிறார்கள். இரண்டு மூன்று மாதம் ஒழுங்காக வாங்குவார்கள். உடம்பு தேறியதும், தேறிவிட்டதே என்று நிறுத்திவிடுவார்கள். டமாக்சிஃபென் விலை உயர்ந்த மருந்தே கிடையாது; அதையே நிறுத்துகிறார்கள்.

பெரிய மருந்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் மறந்துபோகும் ஒரு கூட்டம் இருக்கிறது: துணை மருந்துகள். வாந்திக்கு மாத்திரை, வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிக்கும் மருந்து, பேதிக்கு, மலச்சிக்கலுக்கு, வலிக்கு. காய்ச்சல் வந்தால் உடனே போட ஆன்டிபயாட்டிக். ரத்தத்தில் வெள்ளணு குறைந்தால் ஃபில்கிராஸ்டிம் ஊசி, அதுவும் நாள்தோறும் சில நாட்களுக்கு. கீமோ இலவசமாக ஏறியிருக்கும். அதன் பக்கவிளைவைத் தாங்கிக்கொள்ளும் மருந்துக்குத்தான் கைக்காசு. வாய்ப்புண்ணால் சாப்பிட முடியாமல் எடை குறைந்து, அடுத்த கீமோவுக்குத் தகுதி இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் என் வாடிக்கையாளர்களிலேயே உண்டு. இப்படித் தள்ளிப்போகிற ஒரு சுற்றின் செலவு உங்கள் கணக்கில் எந்தத் தலைப்பிலும் வராது.

விலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது என் தொழில்.

புற்றுநோய் மருந்து விலையில் இந்த நாடு ஜெயித்த சண்டைகள் உண்டு. அதில் ஒன்று நம் சென்னையில் தொடங்கியது. இமாட்டினிப் மருந்தை கிளிவெக் என்ற பெயரில் விற்ற நோவார்ட்டிஸ் கம்பெனி காப்புரிமை கேட்டபோது, 2006 ஜனவரியில் சென்னை காப்புரிமை அலுவலகம் மறுத்தது. பழைய மருந்தின் புது வடிவத்துக்கு லேசில் காப்புரிமை கிடையாது என்கிற சட்டப்பிரிவையே கம்பெனி எதிர்த்தது. 2007-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அன்றைக்கு கிளிவெக் மாதத்துக்குச் சுமார் 1.2 லட்சம் ரூபாய். இந்தியக் கம்பெனிகளின் அதே மருந்து 8,000 முதல் 10,000. அதற்கு முந்திய வருடம், 2012 மார்ச்சில், பேயர் கம்பெனி மாதம் 2.8 லட்சத்துக்கு விற்ற சோராஃபெனிப் என்ற புற்றுநோய் மருந்தை 8,800 ரூபாய்க்கு விற்க ஹைதராபாத் நாட்கோ கம்பெனிக்குக் கட்டாய உரிமம், அதாவது காப்புரிமைக்காரர் சம்மதம் இல்லாமலே தயாரிக்கும் அனுமதி, கொடுத்தார்கள். இந்தியாவில் அப்படி ஒரு உரிமம் கொடுத்தது அந்த ஒரு தடவைதான்.

2019 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை ஆணையம் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வியாபார லாபம் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கட்டியது. 2024-ல் டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகன், ஓசிமெர்ட்டினிப், டர்வலுமாப் ஆகிய மூன்று புற்றுநோய் மருந்துகளுக்கும் சுங்க வரி போனது. 2025 செப்டம்பர் 22 முதல் மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. 33 உயிர்காக்கும் மருந்துகளுக்கு வரியே இல்லை. பில் போடும் கணினியில் ஒவ்வொன்றாக வரி விகிதத்தை மாற்றிக்கொண்டு கடை அடைக்க நேரமான ராத்திரி இன்னும் நினைவிருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் சீட்டோடு வருகிறவர் ஏன் திகைக்கிறார்? காரணம் எளிது. புற்றுநோய் மருந்தில் கம்பெனியைத் தேர்ந்தெடுப்பது நோயாளி கிடையாது. டாக்டர் எழுதுகிறார், மருத்துவமனைக்குள் இருக்கும் கடை கொடுக்கிறது. அதனால் கம்பெனிகளுக்குள் போட்டி நடப்பது கடைக்கு விட்டுக்கொடுக்கும் லாபத்தில். நோயாளி கட்டுவது அட்டையில் அச்சிட்ட எம்.ஆர்.பி. காப்புரிமை முடிந்து பல கம்பெனிகள் தயாரிக்கும் மருந்துகளில், நாங்கள் வாங்கும் விலைக்கும் அச்சிட்ட விலைக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தால் சில சமயம் எனக்கே கூச்சமாக இருக்கும். மொத்த வியாபாரி பட்டியலைப் பார்க்கிற எந்தக் கடைக்காரரும் இதை மறுக்க மாட்டார். "உன் வயிற்றில் நீயே அடித்துக்கொள்கிறாயா?" என்று என் மைத்துனர் கேட்டார். மாதத்துக்கு நாலைந்து புற்றுநோய்ச் சீட்டில் நான் மாடி கட்டப் போவதில்லை. பெரிய கை உள்ளவர்கள் கட்டியிருக்கிறார்கள்.

சேர்ந்து வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. மும்பை டாடா மெமோரியல் முன்னின்று நடத்தும் தேசியப் புற்றுநோய்க் கூட்டமைப்பில், உறுப்பு மருத்துவமனைகள் ஒன்றாகப் பேரம் பேசி 40 மருந்துகளை வாங்கின. மிச்சமானது 1,320 கோடி ரூபாய்; பாதி மருந்துகளில் விலை 82 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தது. நமக்கு இந்த வித்தை புதிதும் இல்லை. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைத் தொடங்கி, டெண்டரில் மருந்து வாங்கி, மாவட்டக் கிடங்கு வழியாக ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும் முறையை மற்ற மாநிலங்களுக்குக் காட்டிக்கொடுத்ததே நாம்தான். 'தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல' என்று அச்சிட்ட அட்டையைப் பார்க்கும்போது போட்டிக் கடைக்காரனான எனக்கே ஒரு பெருமை வரும்.

செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம். அங்கே 2024 ஆகஸ்டில், அரசின் காருண்யா மருந்தகங்களில் மாவட்டத்துக்கு ஒன்றாக 14 தனிக் கவுன்டர்கள் திறந்து, 247 வகைப் புற்றுநோய் மருந்துகளை லாபம் வைக்காமல் விற்கத் தொடங்கினார்கள். எங்கள் பக்கத்து நோயாளிகள் பலர் திருவனந்தபுரம் புற்றுநோய் மையத்துக்குத்தான் போகிறார்கள்; அவர்கள் வழியாகத்தான் இந்தச் செய்தி எனக்கு முதலில் வந்தது. நம் மாநிலத்தில் 2025 பிப்ரவரியில் ஆயிரம் முதல்வர் மருந்தகங்களைத் திறந்தீர்கள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் அங்கே கூட்டம் இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒரே ஒரு முதல்வர் மருந்தகத்தில், மருத்துவப் பணிகள் கழகத்தின் கொள்முதல் விலையில் புற்றுநோய் மாத்திரைகளை வையுங்கள் என்று கேட்கிறேன். ஆயிரம் கடையிலும் வைக்கச் சொல்லவில்லை. இந்த மருந்துகள் மெதுவாகத்தான் விற்கும், காலாவதி ஆகும் ஆபத்து உண்டு. மாவட்டத்துக்கு ஒன்று, முன்பதிவு செய்தால் மூன்று நாளில் வரவழைத்துத் தருவது என்றால் போதும்.

மருத்துவமனைக் கடையில்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் பழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தாய்க்கு மார்பகப் புற்றுநோய் வந்த ஒரு குடும்பம், வெளியில் குறைந்த விலைக்குக் கிடைத்த ஊசியை உள்ளே எம்.ஆர்.பி.க்கு வாங்க வைத்தார்கள் என்று உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 மார்ச் 4 அன்று தீர்ப்பு வந்தது. நீதிமன்றம் தானாக உத்தரவு போடவில்லை. மாநில அரசுகள் இதில் கொள்கை முடிவு எடுக்க வேண்டும் என்று உங்களிடம் விட்டுவிட்டது. எடுங்கள். குளிர்ச்சியில் வைக்க வேண்டிய ஊசியை எங்கிருந்தோ வாங்கிவந்தால் தரத்துக்கு யார் பொறுப்பு என்று மருத்துவமனைகள் கேட்பதில் நியாயம் உண்டு. பில்லும் பேட்ச் எண்ணும் காட்டி, குளிர்ப்பெட்டியில் கொண்டுவந்தால் ஏற்க வேண்டும் என்று ஒரு வரைமுறை வகுத்தால் அந்தக் கேள்வி தீர்ந்துவிடும். மாத்திரைக்கு அந்தக் கேள்வியும் இல்லை.

அடுத்தது, சிதறிக் கிடக்கும் உதவிகள். என்னிடம் வருகிறவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் காப்பீட்டு அட்டை ஒன்றுதான். பிரதமர் நிவாரண நிதியிலிருந்து புற்றுநோய்ச் சிகிச்சைக்கு உதவி கேட்கலாம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? 2009-ல் மத்திய சுகாதார அமைச்சகம் ஏழைப் புற்றுநோயாளிகளுக்கென்றே ஒரு நிதி தொடங்கியது. அடையாறு புற்றுநோய் நிறுவனம், காஞ்சிபுரம் அண்ணா மருத்துவமனை போன்ற மண்டல மையங்கள் வழியாக அது வருகிறது. எங்கள் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறார்கள். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் மருந்துக்கும் 7.5 லட்சம் வரை மத்திய தொழிலாளர் நலத் திட்டத்தில் திருப்பிக் கேட்கலாம். அந்த அட்டையை டிரங்குப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்துவிட்டு, தாலிச் சங்கிலியை அடகுக்கடைக்குக் கொண்டுபோன பெண்ணை எனக்குத் தெரியும். அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் முதலில் செலவு செய்து, பில்லைச் சேர்த்து, பிறகு காத்திருந்து வாங்க வேண்டும். முதலில் செலவு செய்யக் காசு இருப்பவர் ஏன் பீடி சுற்றப் போகிறார்?

மருந்துக் கம்பெனிகளே நடத்தும் உதவித் திட்டங்கள் வேறு இருக்கின்றன. இரண்டு மாத மருந்து வாங்கினால் அடுத்த சில மாதம் இலவசம் என்பது போல ஏதாவது ஒரு ஏற்பாடு. விலை உயர்ந்த புது மாத்திரைகளுக்கும் ஊசிகளுக்கும் இதுதான் பலருக்கு ஒரே வழி. டாக்டர் கையெழுத்து, வருமான விவரம், பில், சில இடங்களில் காலி அட்டையையும் காலிக் குப்பியையும் திருப்பித் தர வேண்டும். படிவம் முழுக்க ஆங்கிலம். எந்த மருந்துக்கு எந்தத் திட்டம் என்பது டாக்டரின் உதவியாளருக்கும் கம்பெனி ரெப்புக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். அவர்கள் நல்லவர்களாக இருந்தால் நோயாளிக்கு அதிர்ஷ்டம். இது கம்பெனியின் சொந்த தர்மம், அரசு ஏன் தலையிட வேண்டும் என்று விட்டுவிட முடியாது. இப்படி இலவசமாகக் கொடுக்கும் மருந்துகளுக்கு மத்திய அரசு சுங்க வரி விலக்குத் தருகிறது. 2025 பட்ஜெட்டில் மேலும் 37 மருந்துகளையும் 13 திட்டங்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். வரியை விட்டுக்கொடுத்தது பொதுமக்கள் பணம். அப்படியானால் அந்தத் திட்டங்களின் பட்டியலும் தகுதி விதியும் பொதுவில் இருக்க வேண்டும், தமிழில் இருக்க வேண்டும். கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

இந்த உதவிகளை எல்லாம் தெரிந்துவைத்திருக்கும் ஒரு ஆள் தேவை. புற்றுநோய்ச் சிகிச்சை தரும் ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும், திட்டத்தில் சேர்ந்த ஒவ்வொரு தனியார் மருத்துவமனையிலும், காப்பீட்டுக் கவுன்டருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போடுங்கள். இப்போது அங்கே இருக்கும் காப்பீட்டுத் திட்டத்தின் வார்டு மேலாளருக்கு அப்ரூவல் வேலையே தலைக்கு மேல். மருந்து உதவிக்கென்று தனியாக ஒருவர் வேண்டும். சீட்டு எழுதிய அன்றே அதை வாங்கிப் பார்த்து, இது காப்பீட்டில் வரும், இது கம்பெனித் திட்டத்தில் வரும், இதற்கு நல நிதியில் மனுப் போடு, இதை முதல்வர் மருந்தகத்தில் வாங்கு என்று பிரித்துச் சொல்லி, படிவத்தையும் நிரப்பிக் கொடுக்க வேண்டும். டி.ஃபார்ம் படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் எங்கள் பக்கம் எத்தனையோ பேர். மூன்று மாதம் பயிற்சி கொடுத்தால் இதைச் செய்துவிடுவார்கள்.

மருந்தை வீட்டுக்குக் கொண்டுபோகவும் உங்களிடம் வண்டி தயாராக இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது நான் நம்பவில்லை. இன்றைக்கு எங்கள் தெருவிலும் பெண் சுகாதாரத் தன்னார்வலர் வந்து சர்க்கரை, பிரஷர் மாத்திரையைத் திண்ணையில் உட்கார்ந்து எண்ணிக் கொடுத்துவிட்டுப் போகிறார். அதே பையில் டமாக்சிஃபென், லெட்ரோசோல், இமாட்டினிப் ஏன் போகக் கூடாது? தினமும் ஒரே அளவில், வருடக்கணக்கில் போடும் மாத்திரைகள் அவை. பெரிய மருத்துவமனை மூன்று மாதத்துக்கு அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்து அப்ரூவல் கொடுக்கட்டும். இடைப்பட்ட மாதங்களில் ஆரம்ப சுகாதார நிலையம் வழங்கட்டும். கேப்சிட்டபைன் போல அளவு மாறுகிற, ரத்தப் பரிசோதனை பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்துகளை இதில் சேர்க்கக் கூடாது; அவை மாவட்டத் தலைமை மருத்துவமனையில் கிடைத்தால் போதும். ஃபில்கிராஸ்டிம் ஊசிக்குக் குளிர்ச்சி வேண்டும். தடுப்பூசிக் குளிர்பெட்டியில் வேறு மருந்து வைக்க விதி இடம் தராது என்பது தெரியும். தாலுகா மருத்துவமனையில் அதற்கென ஒரு சிறு குளிர்பெட்டி வாங்குவது பெரிய செலவு கிடையாது. இப்போது இந்த ஊசியைத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸோடு கட்டிக் கொடுத்துவிட்டு, வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறதா என்று நான் கேட்கிறேன். பக்கத்து வீட்டில் இருக்கிறது என்பார்கள்.

வருமான வரம்பையும் பாருங்கள். ஆண்டுக்கு 72,000 என்று இருந்ததை 1,20,000 ஆக்கினீர்கள், நல்லது. அதுவும் மாதம் 10,000 தான். கணவன் கொத்தனார், மனைவி கடையில் வேலை என்றால் அந்த வீடு வரம்பைத் தாண்டிவிடும். சிகிச்சை தொடங்கியதும் இரண்டு வருமானமும் நின்றுபோகும். வருமானச் சான்றோ நோய்க்கு முந்திய கணக்கைத்தான் பேசும். அந்தச் சான்றுக்காக வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் அலைவது கீமோ போட்ட உடம்போடு. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழருக்கு வருமான வரம்பு பார்க்காமல்தான் இந்தத் திட்டத்தில் இடம் கொடுத்திருக்கிறீர்கள். மத்திய அரசு 2024-ல் 70 வயது தாண்டியவர்களுக்கு வருமானம் பார்க்காமல் ஆயுஷ்மான் அட்டை தந்தது. ஆக, வரம்பைத் தளர்த்துவதற்கு முன்மாதிரி இருக்கிறது. பயாப்ஸி முடிவு புற்றுநோய் என்று வந்தவர்களுக்கு மருந்துச் செலவுக்கு மட்டுமாவது வரம்பைத் தளர்த்துங்கள். எல்லோருக்கும் முழு இலவசம் முடியாது என்றால், கொஞ்சம் வசதி உள்ளவர் கால் பங்கு கட்டட்டும். கட்டுவார்கள். முழுசாகக் கட்டித்தான் மூழ்குகிறார்கள்.

பணம் எங்கே என்று நிதித் துறை கேட்கும். கேட்க வேண்டியதுதான். ஓசிமெர்ட்டினிப் மாதிரி விலை உயர்ந்த மருந்துகளை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துவிடு என்று நான் சொல்லவில்லை. அதற்கு நிபுணர் குழு வைத்து, எந்த மருந்தால் எவ்வளவு பலன் என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நான் கேட்பதில் பெரும்பகுதி பழைய, காப்புரிமை முடிந்த, டெண்டரில் மலிவாகக் கிடைக்கும் மாத்திரைகள். 2023 நவம்பரில் ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் வீடு வீடாக அழைப்புக் கொடுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனையைத் தொடங்கினீர்கள். நோயை நீங்களே தேடிப்போய்க் கண்டுபிடிக்கிறீர்கள். கண்டுபிடித்தவருக்கு ஐந்து வருட மாத்திரையையும் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்க வேண்டாமா?

முதலில் எதைச் செய்யலாம் என்று கேட்டால், செலவே இல்லாததைச் சொல்கிறேன். புற்றுநோய்க்கு எந்தெந்தப் பேக்கேஜில் எந்தெந்த மருந்து அடக்கம், எத்தனை நாளுக்கு, எதை வெளியில் வாங்கச் சொல்லக் கூடாது என்பதைத் தமிழில், மருந்தின் பெயரைத் தமிழ் எழுத்தில் போட்டு, இரண்டு பக்கத்தில் அச்சடித்து டிஸ்சார்ஜ் சம்மரியோடு சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். வெளியில் வாங்கச் சொன்னால் யாரிடம் புகார் செய்வது என்று அடியில் திட்டத்தின் கட்டணமில்லா எண்ணைப் போடுங்கள். இதற்கு அரசாணைகூட வேண்டியதில்லை, ஒரு சுற்றறிக்கை போதும். அடுத்த மாதமே செய்யலாம்.

பட்டியல் தயாராகும்போது மருந்துக்கடைக்காரர்கள் சிலரையும் கூப்பிட்டுப் பேசுங்கள். டாக்டர் எழுதும் சீட்டில் எது வாங்கப்படுகிறது, எது விடுபடுகிறது என்பது எங்கள் பில் புத்தகத்தில் இருக்கிறது. உங்கள் மாவட்ட அலுவலர் யாராவது தென்காசிப் பக்கம் வந்தால், பெயரை மறைத்துவிட்டு அந்தப் பில்களை எடுத்துக் காட்டத் தயார். சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னால் வந்தால் நல்லது, அதற்கப்புறம் கடையில் கூட்டம்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
தென்காசி மாவட்டம்.